பதினோரு வீட்டுப் பத்தியம்

கெலேராவை எங்கள் துவாலேவு கிராமத்தில் யாரும் சாது என்று சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் ரேவா ஆற்றில் மூச்சைப் பிடித்து முங்கி, சேற்றைக் காலால் துழாவி, ஒரு மூட்டை மட்டி அள்ளிக்கொண்டு வருகிறவள். சனிக்கிழமை சந்தையில் அவளிடம் பேரம் பேச வருகிறவர்கள் இரண்டாவது வார்த்தையிலேயே வாயை மூடிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவளை ஒரு கால் கட்டைவிரல் அழவைத்தது.

விரல் அவள் புருஷன் வைசாக்கேயுடையது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இயந்திரப் படகில் அக்கரை சேர்க்கிற படகோட்டி அவர். ஜனவரி மாதத்தில் ஒருநாள், சமையல் கொட்டகைக்குப் பின்னால் கெலேரா கொட்டிவைத்திருந்த மட்டி ஓட்டுக் குவியலில் செருப்பில்லாமல் கால் வைத்துவிட்டார். சின்னக் கீறல்தான். ஆனால் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. நகரத்து மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சர்க்கரை பதினாறு என்றார்; எங்கள் பக்கத்துக் கணக்கில் அது ஏழைத் தாண்டக் கூடாது. ஐந்து மாதத்துக்குள் அதை எட்டுக்காவது இறக்கவில்லையென்றால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார்.

வைசாக்கே திரும்பி வரும் பேருந்தில் நிம்மதியாகத் தூங்கினார். கெலேரா தூங்கவில்லை. அந்த ஓட்டைக் கொட்டியது அவள் கைதான். அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ் உனாய்சி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். சீனி கூடாது. தேங்காய்ப்பால் கூடாது. டின் மாட்டிறைச்சி கூடாது. ஆட்டு விலாக்கொழுப்பு கூடவே கூடாது. உப்பு, பேருக்கு. மரவள்ளிக்கிழங்கு, உள்ளங்கை அளவு.

"யார் உள்ளங்கை?" என்று வைசாக்கே கேட்டார்.

"உங்க உள்ளங்கைதான், மாமா."

வைசாக்கே தம் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். துடுப்புப் போட்ட கை. அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அப்புறம், தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் நடக்கணும்," என்றாள் உனாய்சி.

இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியாது.

கெலேரா சமையலைக் கையில் எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே சறுக்கல். சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பால் இல்லாமல் வெறுமனே அவித்து வைத்தாள். பால் சேர்க்காத கீரையை இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக வேகவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பால் சேர்க்காமல் அதை யார் சமைத்தார்கள்? இரண்டு வாய் தின்றதும் வைசாக்கேவுக்குத் தொண்டை அரித்தது. மூன்றாவது வாயில் கெலேராவுக்கும் அரித்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மகெரேத்தா, "என்ன, ரெண்டு பேரும் பாட்டுப் பயிற்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"சர்க்கரை கொல்றதுக்கு முன்னாடி நீ கொன்னுருவ போலிருக்கே," என்றார் வைசாக்கே.

"வாயத் தொறக்காதீங்க, வாசிதி அப்பா. தொறந்தா இன்னும் அரிக்கும்."

வாசிதி அவர்கள் மகள். தலைநகர் சுவாவில் வேலை பார்க்கிறாள். அவள் தொலைபேசியில் சொன்ன யோசனையெல்லாம் கெலேராவுக்குப் பிடிபடவில்லை. பட்டணத்துக் கடையில் விற்கிற விதைகளையும் பொடிகளையும் பற்றி அவள் பேசினாள். கெலேரா கையிலிருப்பதைக் கொண்டு தானே கண்டுபிடித்தாள். ஆற்று மீனை வெங்காயம், தக்காளி, இஞ்சி போட்டு மெல்லக் கொதிக்கவிட்டு, இறக்குகிற நேரத்தில் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பச்சை மிளகாயைக் கையால் நசுக்கிப் போட்டால், உப்பு இல்லாதது நாக்குக்கு உடனே தெரியாது. தெரிவதற்குள் தட்டு காலியாகிவிடும். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலை உரித்து வெங்காயத்தோடு பிசைந்தாள். வெண்டைக்காய் மாதிரி வழவழக்கிற பேலே கீரையை ஒரே கொதியில் எடுத்தாள். இரண்டாம் கொதிக்குப் போனால் கொழகொழத்துவிடும். சேப்பங்கீரையை மசிய மசிய வேகவிட்டாள். மட்டியை அதன் தண்ணீரிலேயே வாய் திறக்கவிட்டாள். அதிலிருக்கிற உப்பே போதும். மூன்றாவது வாரத்தில் வைசாக்கே தட்டைத் துடைத்துத் தின்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே பெருமை.

தேநீரில்தான் பெரிய போராட்டம். எலுமிச்சை இலைத் தேநீரில் ஆறு கரண்டி சீனி போட்டுக் குடித்த மனிதர் அவர். சீனியில்லாத முதல் கோப்பையை வாயில் வைத்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது இலை கழுவின தண்ணியா?"

"ஆமா. குடிங்க."

ஒரு மாதம் கழித்து உனாய்சி ஊசி குத்திப் பார்த்தாள். பதினேழு. எடை மூன்று கிலோ கூடியிருந்தது.

உனாய்சி தாளைப் பார்த்தாள், கெலேராவைப் பார்த்தாள். "அத்தை, நெசமா சொல்லுங்க. பால் ஊத்துறீங்களா?"

கெலேராவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாழ்க்கையில் மீன் திருடியிருக்கிறாள் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தன் சட்டியைச் சந்தேகப்பட்டதைத் தாங்க முடியவில்லை. வைசாக்கே பக்கத்தில் உட்கார்ந்து கூரையில் ஓடிய பல்லியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் நடக்கக் கிளம்பியதும், கெலேரா வாழைத்தோப்புக்குள் ஒளிந்து ஒளிந்து பின்னாலேயே போனாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் சாப்பாட்டு விரிப்பு விரித்துவிட்டால் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும். வாசலில் யார் போனாலும் உள்ளிருந்து "வா, சாப்பிடு!" என்று குரல் கொடுக்க வேண்டும். கூப்பிடாதவன் மனுஷனே இல்லை. கூப்பிட்டால், "இருக்கட்டும், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவதும் வழக்கம்தான். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வைசாக்கேயும் அறுபது வருஷத்தில் பாதி நாள் அப்படிச் செய்தவர்தான். ஆனால் இப்போது, வீட்டில் உள்ளங்கை அளவு கிழங்கைத் தின்றுவிட்டு வந்த மனிதருக்கு அந்தப் பதில் மறந்துபோயிருந்தது.

முதல் வீட்டில் மகெரேத்தா கூப்பிட்டாள். குனிந்து உள்ளே போனார். ஒரு துண்டு சீமைப்பலா, தேங்காய்ப்பாலில் தோய்த்தது. இரண்டாம் வீட்டில் டின் மாட்டிறைச்சி போட்ட நூடுல்ஸ். மூன்றாம் வீட்டில் தேநீர் மட்டும்தான், ஆனால் கரண்டி நிமிர்ந்து நிற்கிற தேநீர். நான்காம் வீட்டு வாசலில் யாரும் கவனிக்காமல் இருந்தபோது அவர் நின்று பலமாக இருமினார். உடனே, "வா, சாப்பிடு!" வாழைத்தோப்பில் கெலேரா விரல்விட்டு எண்ணினாள். விரல் போதவில்லை. மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரை பதினோரு வீடு. பதினோராவது வீடு நெமானியுடையது.

நெமானி, வைசாக்கேயின் தங்கை தரைவினியின் புருஷன். மச்சான் என்றால் எங்கள் ஊரில் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபப்படுகிறவன்தான் தோற்றவன். நெமானிக்கும் அதே சர்க்கரைதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கால் முழங்காலோடு போய்விட்டது. அவர் சக்கர நாற்காலியில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஊரிலேயே பெரிய குரலில் கூப்பிடுவார்.

"வாடா மச்சான்! இன்னும் ரெண்டு கால் வச்சிருக்கியாமே, வெக்கமா இல்ல?"

"ஒன்னு உனக்குக் கடன் தரட்டுமாடா?"

"உன் கால் எனக்கு எதுக்கு? கால் போனா என்ன, வாய் இருக்குல்ல? உக்காரு. தரைவினி விலா வறுத்திருக்கா."

தரைவினி தலையைக் குனிந்துகொண்டு தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். வைசாக்கேயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனும் தங்கையும் வளர்ந்தபிறகு நேருக்கு நேர் பேசிக்கொள்வது எங்களிடம் மரியாதை இல்லை. சொல்ல வேண்டியதை நடுவில் ஒருவர் மூலம் சொல்லிக்கொள்வார்கள். முப்பது வருஷமாக அந்த நடுவில் ஒருவர் கெலேராதான்.

புதருக்குப் பின்னாலிருந்து கெலேரா தரைவினியின் கையைப் பார்த்தாள். நாற்காலியைத் தள்ளித் தள்ளிக் காய்ப்பேறிய கை. கெலேரா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சண்டை போடத்தான் வந்திருந்தாள். சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கெஞ்சினாள். "அவர் போறப்ப கூப்பிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மகெரேத்தா வாயைப் பிளந்தாள். "அதெப்படிக்கா? வாசல்ல ஒரு மனுஷன் போறாரு, நாங்க பாத்துக்கிட்டே தின்னுக்கிட்டு இருக்கணுமா? நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

"அப்ப கதவையாவது சாத்திக்கோங்க. பாக்கலைன்னா கூப்பிட வேண்டாம்ல?"

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. நெமானியிடம் மட்டும் கெலேரா கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் அவர் வீட்டுக்குக் கதவைச் சாத்துகிற பழக்கம் கிடையாது. மற்ற பத்து வீட்டிலும் அன்று ஐந்தரை மணிக்குக் கதவு சாத்தியாயிற்று. வைசாக்கே நடந்தார். முதல் கதவு சாத்தியிருந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் நின்று இருமிப் பார்த்தார். உள்ளே தட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. அதற்கப்புறம் இருந்த ஏழு கதவும் சாத்தியிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து, பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

கெலேராவுக்குச் சந்தோஷம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஊரே ஒருவன் முகத்தில் கதவைச் சாத்தினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்பதை அவள் யோசிக்கவில்லை. அவன் ஏதோ பெரிய தப்புச் செய்திருக்கிறான். வைசாக்கே இரண்டு நாள் யோசித்தார். என்ன தப்பு என்று தெரியவில்லை. படகில் யாரையாவது ஏற்றாமல் விட்டோமா? கோயிலில் போதகர் பிரசங்கத்தின்போது குறட்டை விட்டோமா? கடைசியில், தப்பு எதுவாக இருந்தால் என்ன, மன்னிப்புக் கேட்பதே முறை என்று முடிவு செய்தார். கெலேரா மட்டி எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, நல்ல சுலு வேட்டியைக் கட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும்போது முன்னால் வைக்கிற கவா வேர் பத்துக் கட்டு வாங்கிக்கொண்டு, வீடு வீடாகக் கிளம்பிவிட்டார்.

ஒவ்வொரு வீட்டிலும் தலையைக் குனிந்து பாயில் உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்து, "என் தப்பை மண்ணுக்குள்ள போட்டு மூடிருங்க" என்றார். வீட்டுக்காரர்களுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனுக்கா கதவைச் சாத்தினோம்! வேரை உடனே இடித்துக் கரைத்தார்கள். கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தார்கள். அதன் கசப்புக்கு மிட்டாய் கொடுத்தார்கள். மன்னித்ததற்கு அடையாளமாக விருந்து வைத்தார்கள். பாவப்பட்டதால், வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வைத்தார்கள். பத்து வீட்டில் பத்து மன்னிப்பு. ஆறாவது வீட்டில் ஒரு பன்றிக்குட்டியே போயிற்று.

அடுத்த வாரம் உனாய்சி பார்த்தபோது சர்க்கரை பத்தொன்பது. விரலின் ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. உனாய்சி இந்தத் தடவை யாரையும் சந்தேகப்படவில்லை. "அத்தை, இன்னும் மூணரை மாசம்தான் இருக்கு," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

கெலேரா சமையல் கொட்டகைக்கு வந்து, விறகில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி அழுதாள். வைசாக்கே வாசலில் நின்று, "வெங்காயமா?" என்று கேட்டார். அவள் எறிந்த அகப்பை அவர் காதோரமாகப் போயிற்று.

அந்த வாரக் கடைசியில் நெமானி இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்காலியில் சாய்ந்தபடியே. பக்கத்தில் தட்டு துடைத்தெடுத்தமாதிரி இருந்தது. தரைவினி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எழுப்பினாளாம்; எழுந்திருக்கவில்லை. வைசாக்கே மூன்று நாளும் நெமானியின் தாழ்வாரத்து நாற்காலியைத் துடைப்பதும் மறுபடி துடைப்பதுமாக இருந்தார். திட்டுவதற்கு ஆளில்லாமல் போய்விட்டது அவருக்கு. கெலேராவுக்கும் துக்கம்தான். ஆனால் நெமானியின் சவப்பெட்டியைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் கண் தன் புருஷனின் கட்டைவிரலுக்குப் போய்விட்டது. அதற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் ஊர்க்கூடத்தில் கூடினார்கள். நெருங்கிய சொந்தங்கள் இறந்தவருக்காக ஏதாவது ஒன்றை நூறு நாளுக்கு விட்டுவிடுவதாகச் சொல்கிற நாள் அது. ஒருவர் முடி வெட்டமாட்டேன் என்பார், ஒருவர் புகையிலை தொடமாட்டேன் என்பார். நூறாம் நாள் விருந்தில், விட்டதை விதவை தன் கையால் கொண்டுவந்து முன்னால் வைத்து விலக்கை எடுப்பாள். நடுவில் மீறி அகப்பட்டால், பிடித்தவர் ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றலாம். தண்ணீர் காய்ந்துவிடும், செத்தவனை அவமதித்தான் என்ற பேச்சு காயவே காயாது.

வைசாக்கேயின் முறை வந்தது. போன தடவை பெரிய தலைவர் இறந்தபோது அவர் விட்டது பூசணிக்காய். பூசணிக்காயை அவர் பிறந்ததிலிருந்து வாயில் வைத்ததில்லை. இப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் மச்சானுக்காக நான் பூச..." என்று தொடங்கினார்.

அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஒப்பாரி கிளம்பியது. கெலேரா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆற்றில் மூச்சுப் பிடித்துப் பழகிய நெஞ்சு அது. நடுவில் நிற்கவே இல்லை.

"அய்யோ நெமானி! உன் மச்சான் காலையில என்கிட்ட என்ன சொன்னாருன்னு கேட்டியா! நீ இல்லாத ஊருல எனக்குச் சீனி எதுக்குன்னாரே! தேங்காப்பால் எதுக்குன்னாரே! நீ ஊட்டின டின் கறியையும் விலாக்கறியையும் இனி எந்த வாயால திம்பேன்னாரே! நாலையும் விட்டாரே உனக்காக, நாலையும் விட்டாரே!"

நான்கு பொருளை யாரும் விட்டதே இல்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எல்லாரும் வைசாக்கேயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் "பூச" என்ற இடத்திலேயே திறந்திருந்தது. மெல்ல மூடினார். தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கொதித்தார். "ஒப்பாரியிலயாடி பொய் சொல்லுவ?"

"பொய்யா? அப்ப ஊர்க்கூடத்துக்குப் போய்ச் சொல்லுங்க. எனக்கு என் மச்சான் மேல பூசணிக்கா அளவுக்குத்தான் பாசம்னு சொல்லுங்க."

வைசாக்கே போகவில்லை. வாசலில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில், "நாலு ரொம்ப அதிகம்டி" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கெலேராவே எதிர்பார்க்கவில்லை. டாக்டர் சொல்லியும் கேட்காத ஊர், நர்ஸ் சொல்லியும் கேட்காத ஊர், செத்தவருக்கு விட்ட விலக்கு என்றதும் கண்கொத்திப் பாம்பாக மாறிவிட்டது. வைசாக்கே கோப்பையைக் கையில் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். மச்சான் முறைக்காரர்கள் நாலைந்து பேர் வாளியில் தண்ணீரை நிரப்பி எப்போதும் தயாராக வைத்திருந்தார்கள். படகுத்துறையில் ஒரு மிட்டாயை வேண்டுமென்றே போட்டுவைத்துவிட்டு மறைந்திருந்து பார்த்தார்கள். வைசாக்கே அதை எடுத்தார், காகிதத்தைப் பிரித்தார், நாலு பக்கமும் பார்த்தார், பெருமூச்சு விட்டு ஆற்றில் எறிந்தார். எறிந்தது மீன்களுக்கு நல்லதா என்று போதகர் ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"வா, சாப்பிடு" மட்டும் நிற்கவில்லை. அது எப்படி நிற்கும்? வாசலில் ஒரு மனுஷன் போகிறான், கூப்பிட வேண்டாமா? கூப்பிட வேண்டும், ஆனால் அவருக்கு வைக்க வீட்டில் எதுவுமில்லை. முதலில் மகெரேத்தாதான் கெலேராவின் கொட்டகைக்கு வந்து தலையைச் சொறிந்தாள்.

"அக்கா, அந்த எலுமிச்சை மீனு எப்படி வைக்கிறீங்க?"

கெலேரா உடனே சொல்லவில்லை. கொஞ்சம் மானங்கெட்டு நிற்கட்டும் என்று வேறு வேலை பார்த்தாள். பிறகு சொல்லிக்கொடுத்தாள். ஒரு மாதத்தில் பத்து வீட்டுக்காரிகளும் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். எந்த வீட்டில் உப்பு அதிகமோ அந்த வீட்டுக்குக் கெலேரா திரும்பப் போய்ச் சட்டியை ருசி பார்த்தாள். "கொழகொழன்னு இருக்கு, ஒரே கொதின்னு சொன்னேன்ல?" என்று அதட்டினாள். வைசாக்கே சாயங்காலம் நடந்து போனால் பத்து வீட்டிலும் பேலே கீரைதான், அவித்த மீன்தான், சுட்ட கத்தரிக்காய்தான். மூன்றாவது வீட்டோடு அவருக்கே அலுத்துவிட்டது. அறுபது நாள் கழித்து முதல் தடவையாக ஒரு வாசலில், "இருக்கட்டும், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொன்னார்.

தரைவினியின் வீட்டு வாசலில் மட்டும் அவர் நிற்காமல் போனார். அங்கே கூப்பிடுகிற குரல் இல்லை.

தொண்ணூறாம் நாள் உனாய்சி ஊசி குத்தினாள். எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை குத்தினாள். எட்டு. விரலில் பட்டாணி அளவுக்குத்தான் புண் மிச்சம். நகரத்து டாக்டர் விரலைத் தொட்டுத் திருப்பிப் பார்த்து, "இப்படியே போங்க, விரல் தங்கிடும். பழையபடி தின்னா மறுபடி திறந்துக்கும்" என்றார்.

பேருந்தில் இந்தத் தடவையும் கெலேராவுக்குத் தூக்கம் வரவில்லை. இன்னும் பத்து நாள். பத்தாம் நாள் விலக்கு எடுத்துவிடுவார்கள். அப்புறம் யார் அவரைப் பிடித்துவைப்பது? வைசாக்கேயோ இப்போதே, எந்தப் பானை, எந்தத் தேங்காய் என்று பேச ஆரம்பித்திருந்தார்.

"அன்னைக்கு ஒரு வாய் வச்சிட்டுப் போதும்னு சொல்லிருங்க, வாசிதி அப்பா."

"பாப்போம், பாப்போம்," என்றார் அவர். அந்த இரண்டாவது 'பாப்போ'மில் எச்சில் ஊறியிருந்தது.

நூறாம் நாள் ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. மண்ணடுப்பிலிருந்து எடுத்த பன்றியின் வாசனை படகுத்துறை வரை வந்தது. விலக்கு வைத்தவர்கள் ஐந்து பேரும் வரிசையாகத் தாழம்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தரைவினி கறுப்பு உடையில் ஒவ்வொருவராக வந்தாள். முடி வளர்த்தவரின் தலையில் கத்தரியை வைத்தாள். புகையிலை விட்டவருக்குப் புகையிலையை வைத்தாள். ஒவ்வொரு தடவையும் கூடம் கைதட்டியது. கடைசியில் வைசாக்கே.

தரைவினி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தேங்காய்ப்பாலில் மிதந்த சேப்பங்கீரை, நடுவில் டின் கறி, ஓரத்தில் நாலு விலா வறுவல், பக்கத்தில் ஒரு பெரிய குவளைத் தேநீர். வைசாக்கே நிமிர்ந்து உட்கார்ந்து சுலுவைச் சரிசெய்துகொண்டார். கெலேரா அவருக்குப் பின்னால் உட்கார்ந்து தன் விரல்களைப் பிசைந்தாள். எழுந்து தட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள். விதவையின் கையைத் தட்டிவிட அவளுக்கே துணிச்சல் இல்லை.

தரைவினி அண்ணன் முன்னால் மண்டியிட்டாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. கூடம் கைதட்டக் காத்திருந்தது. அண்ணனைப் பார்க்காமல், அவர் தோளுக்கு மேலாகக் கெலேராவைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிருங்க. ஒருத்தருக்கு ஆசைப்பட்டதையெல்லாம் நான் வச்சு வச்சு அனுப்பிட்டேன். வேண்டாம்னு ஒரு நாள் சொன்னதில்ல. இன்னொருத்தருக்கு வைக்க எனக்குக் கை வரலை."

ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு எல்லாம் கேட்டது. ஆனாலும் கெலேரா சொல்லியாக வேண்டும். "கேட்டீங்களா?" என்று மட்டும் சொன்னாள்.

விதவை தன் கையால் வைக்காமல் விலக்கு எடுபடாது. அதை மாற்ற ஊர்த் தலைவருக்கே அதிகாரம் இல்லை.

வைசாக்கே தட்டைப் பார்த்தார். "எத்தனை நாளைக்குன்னு கேளு," என்றார்.

கெலேரா கேட்டாள்.

"நான் உசுரோட இருக்கற வரைக்கும்னு சொல்லுங்க, அண்ணி."

கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் தும்மினார்கள். வைசாக்கே மனதுக்குள் கணக்குப் போடுவது எல்லாருக்கும் தெரிந்தது. "அவளுக்கு இப்ப என்ன வயசுன்னு கேளு."

"அதை வேற கேக்கணுமா? உங்க கூடப் பொறந்தவதானே. நாப்பத்தொம்பது," என்றாள் கெலேரா. "உங்க அம்மா தொண்ணூத்திரண்டு வரைக்கும் இருந்தாங்க."

மச்சான் முறைக்காரர்கள் வாளியைத் தட்டிக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தார்கள். கூடமே சிரித்தது. தரைவினி மட்டும் தட்டைப் பிடித்தபடி அப்படியே மண்டியிட்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து வழிந்தது தட்டிலேயே விழுந்தது. சிரிப்பு ஓய்ந்தது. பிறகு வைசாக்கே பெண்டாட்டி பக்கம் திரும்பி, தங்கைக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"அவளையும் நல்லா பாத்துச் சாப்பிடச் சொல்லு. அம்மா மாதிரி நெறைய நாள் இருக்கணும்."